படகில் ஏசி ஓட்டுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துபாய், அபுதாபி, தோகா துறைகளில் உல்லாசப் படகுகளில் வேலைக்குச் சேரும் நம்மூர் ஆட்கள் ஏசி பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். யார் கேட்டாலும் ஒரே இடத்தைக் காட்டலாமே என்றுதான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் 30 முதல் 60 அடி வரையிலான படகுகளில் இருக்கும், கடல் தண்ணீரால் சூடு தணியும் ஏசிகளுக்கானவை.

வீட்டு ஏசிக்கும் படகு ஏசிக்கும் என்ன வித்தியாசம்? உள்ளே இருப்பது அதே கம்ப்ரசர்தானே?

கம்ப்ரசர், கேஸ், காற்றைக் குளிர்விக்கும் காயில், ஊதுகிற ப்ளோயர் எல்லாம் அதேதான். அறையிலிருந்து எடுத்த சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். வீட்டில் அவுட்டோர் யூனிட் அதை வெளிக்காற்றில் கொட்டுகிறது. படகில் கடல் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. படகின் அடியில் ஒரு துளை, அதன்மேல் சீகாக் என்கிற வால்வு, அடுத்து குப்பை பிடிக்கும் ஸ்ட்ரெய்னர், அதற்கடுத்து பம்ப். பம்ப் தள்ளும் தண்ணீர் கண்டென்சரின் (கேஸ் தன் சூட்டை விடும் இடம்) குழாய்க்குள் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு படகின் பக்கவாட்டுத் துளை வழியாக வெளியே விழுகிறது. பெரும்பாலான படகுகளில் இந்த மொத்த இயந்திரமும் கட்டிலுக்கடியிலோ சோபாவுக்கடியிலோ ஒரே பெட்டியாக இருக்கும்.

ஆக ஒரு படகு ஏசியில் இரண்டு ஓட்டங்கள் இருக்கின்றன. கேஸ் ஓட்டம் தொழிற்சாலையிலேயே சீல் வைத்து வருவது, லேசில் கெடாது. தண்ணீர் ஓட்டம் அப்படியில்லை. பாசி, மணல், பிளாஸ்டிக் பை, ஜெல்லிமீன் என்று கடலில் இருப்பதெல்லாம் அதற்குள் வரப் பார்க்கும். கூலிங் இல்லை என்றதும் எல்லாரும் கேஸ் போய்விட்டது என்கிறார்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது அதைத்தான்.

ஆன் பண்ணுவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்கணும்?

சீகாக் திறந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. ஸ்ட்ரெய்னரின் கண்ணாடி மூடி வழியாக உள்ளே சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். பேனலில் வோல்ட்டேஜ் பாருங்கள். அப்புறம் பிரேக்கர், அதற்குப் பிறகு ஏசி ஸ்விட்ச்.

ஆன் பண்ணியதும் டெக்குக்கு ஏறிப்போய், பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் விழுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். விட்டு விட்டுத் துப்பினால் உள்ளே காற்று இருக்கிறது. ஒரு நிமிடம் ஆகியும் தண்ணீர் வரவில்லை என்றால் ஏசியை நிறுத்திவிடுங்கள், "கொஞ்ச நேரத்தில் வந்துடும்" என்று காத்திருக்க வேண்டாம். தண்ணீர் இல்லாமல் கம்ப்ரசர் ஓடினால் அழுத்தம் ஏறி ட்ரிப் ஆகும், பம்பும் உலர்ந்து ஓடிக் கெடும்.

16-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா? ஓனர் வந்தவுடனே ஜில்லுனு இருக்கணும்னு சொல்றார்.

குளிராது. சாதாரணப் படகு ஏசியில் கம்ப்ரசர் ஒன்று முழுசாக ஓடும், இல்லையென்றால் நிற்கும். 24-ல் வைத்தாலும் 16-ல் வைத்தாலும் அந்த 24-ஐத் தொட ஒரே நேரம்தான் ஆகும். 16-ல் வைத்தால் கம்ப்ரசர் நிற்கவே நிற்காது, காயிலில் ஐஸ் பிடிக்கும் (ஐஸ் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்). வேகம் மாறும் கம்ப்ரசர் வைத்த புது மாடல்களும் வந்திருக்கின்றன, அவற்றிலும் 16 தேவைப்படாது.

சீக்கிரம் குளிர வேண்டுமென்றால் ஓனர் வருவதற்கு ஓரிரண்டு மணி நேரம் முன்பே 23 அல்லது 24-ல் ஓடவிடுங்கள். ப்ளோயரை ஹையில் வையுங்கள். முன் கண்ணாடிக்கு வெளியே துணி மறைப்பைப் போடுங்கள். உள்ளே திரை போடுவதைவிட வெளியே மறைப்பது எவ்வளவோ மேல், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அந்தச் சூட்டை ஏசிதான் சுமந்தாக வேண்டும். கீழ்த்தளக் கேபினுக்குச் சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது, மேல்தள சலூனுக்கு, அதாவது உட்காரும் கூடத்துக்கு, சுற்றிலும் கண்ணாடி. அதே பரப்பளவுக்கு மேல்தளத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏசி வேண்டியிருக்கும். சலூன் குளிர நேரமாகிறது என்பதால் ஏசி பழுது என்று முடிவுகட்டாதீர்கள்.

புகை, சமையல் வாசனை போக ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கலாமா?

வாசனை போகும்வரை திறங்கள், உடனே மூடுங்கள். இந்த வளைகுடாவில் சூட்டைவிடக் காற்றிலிருக்கும் ஈரம்தான் ஏசிக்குப் பெரிய சுமை. 2003 ஜூலையில் சவூதியின் தஹ்ரானில் பனிநிலை 35 டிகிரியைத் தொட்டது. அதாவது 35 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின்மீதும் தண்ணீர் துளிர்க்கும் அளவுக்குக் காற்றில் ஈரம் இருந்தது. அப்படிப்பட்ட காற்று திறந்த ஹேட்ச் (மேல்தளத்திலிருக்கும் மூடி போட்ட திறப்பு) வழியாக உள்ளே வந்துகொண்டே இருந்தால் ஏசி தன் சக்தியில் பெரும்பகுதியை அதைத் தண்ணீராக்கிக் கீழே விடுவதற்கே செலவழிக்கும். தெர்மாமீட்டர் இறங்காது. மர வேலைப்பாட்டில் கறை, கிரில்லைச் சுற்றிச் சொட்டுத் தண்ணீர், மெத்தைக்கடியில் பூஞ்சை எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

தண்ணீர் வெளியே விழுது. ஆனா அது போதுமானு எப்படித் தெரியும்?

ஒரு வாளியும் கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச்சும் போதும். பிடியு என்பது ஏசியின் குளிர்விக்கும் திறனுக்கான அளவு. 12,000 பிடியு ஏசிக்கு, அதாவது ஒரு டன்னுக்கு, நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் கடல் தண்ணீர் வேண்டும். 16,000-க்கு சுமார் 15 லிட்டர். டிங்கி என்கிற சின்னப் படகில் இறங்கி 10 லிட்டர் வாளியைத் துளைக்கடியில் பிடியுங்கள். 16,000 ஏசியில் 40 விநாடிக்குள் நிரம்ப வேண்டும், 12,000 ஏசியில் ஒரு நிமிடத்துக்குள். ஒரே பம்ப் இரண்டு மூன்று ஏசிகளுக்குத் தண்ணீர் கொடுக்கிறது என்றால் எல்லாவற்றையும் ஓடவிட்டு ஒவ்வொரு துளையையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்றில் அருவி மாதிரி விழும், தூரத்திலிருக்கும் கேபினின் துளையில் நூல் மாதிரி ஒழுகும். கோளாறு அந்தக் கேபினில்தான் வரும்.

படகு புதிதாக, எல்லாம் சரியாக இருக்கும்போதே இந்த அளவை எடுத்து எழுதி வையுங்கள். பிறகு சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குறிப்பைவிட நல்ல கருவி கிடையாது. இன்னொரு சோதனையும் உண்டு: உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே விழும் தண்ணீருக்கும் 5 முதல் 8 டிகிரி வரை வித்தியாசம் இருக்கலாம். அதைவிட ரொம்ப அதிகமாக இருந்தால் தண்ணீர் குறைவாக ஓடுகிறது என்று அர்த்தம்.

ஸ்ட்ரெய்னரை எத்தனை நாளைக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணணும்?

கோடையில் ஏசி ராப்பகலாக ஓடுகிறது என்றால் தினமும் பாருங்கள், அழுக்கைப் பார்த்ததும் கழுவுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் மணல் கலங்கியிருந்தாலோ ஜெல்லிமீன் கூட்டம் வந்திருந்தாலோ ஒரு மணி நேரத்தில்கூட அடைத்துவிடும். மூடியைக் கழற்றுவதற்கு முன் ஏசியை நிறுத்துங்கள், சீகாக்கை மூடுங்கள். ஸ்ட்ரெய்னர் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, மூடியைத் திறந்தால் கடலே உள்ளே வரும். கழுவித் திரும்பப் போடும்போது மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது கோணலாக இருந்தால் பம்ப் அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சும், அடுத்த கேள்வி அங்கே பிறக்கிறது.

பம்ப் ஓடுற சத்தம் கேக்குது. தண்ணி மட்டும் வரலை.

காற்று பூட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பம்புகள் தண்ணீரைத் தள்ளும், ஆனால் கீழேயிருந்து தாங்களாக உறிஞ்சி ஏற்றாது. அதனால்தான் பம்பைக் கடல் மட்டத்துக்குக் கீழே வைக்கிறார்கள், தண்ணீர் தானாக வந்து அதை நிரப்ப வேண்டும். பம்பின் வெளியேற்றுக் குழாயைக் கழற்றி, குமிழ் நின்று தண்ணீர் வரும்வரை காற்றை வெளியே விட்டுத் திரும்ப மாட்டினால் பெரும்பாலும் ஓடத் தொடங்கும். பம்பை நிறுத்திவிட்டுத்தான் கழற்ற வேண்டும். தண்ணீர் சிந்தும் இடத்தில் மின் இணைப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி இப்படி ஆனால் குழாய் போட்ட விதத்தில் தப்பு இருக்கிறது. சீகாக்கிலிருந்து ஸ்ட்ரெய்னர், அங்கிருந்து பம்ப், அங்கிருந்து ஏசி என்று குழாய் மேல்நோக்கியே போக வேண்டும். நடுவில் எங்காவது மேலே ஏறி மறுபடி கீழே இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கும். எத்தனை பம்ப் மாற்றினாலும் தீராது. பல படகுகளில் அலமாரி இடத்துக்காக யாரோ குழாயை வளைத்துக் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டை அவிழ்த்து நேராக்கினாலே போதும்.

படகு நிக்கும்போது ஏசி நல்லா ஓடுது. வேகமா போனா நின்னுடுது. ஏன்?

வேகத்தில் படகின் அடியில் நுரையும் காற்றும் ஓடுகின்றன, தண்ணீர் எடுக்கும் துளை காற்றை விழுங்குகிறது. துளையின் வெளிப்பக்கம் கரண்டி போன்ற மூடி இருந்தால் அதன் வாய் படகின் முன்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். பின்பக்கம் பார்த்தால் போகிற வேகம் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். அடுத்த தடவை படகைக் கரையேற்றும்போது கவனித்துப் பாருங்கள். அதுவரை வேகத்தைக் குறைத்து ஓட்டுவதுதான் வழி.

திரையில் எச்.பி.எஃப் வருது. கேஸ் அதிகமாயிடுச்சா?

இல்லை. அது கேஸ் பக்கத்தில் அழுத்தம் ஏறிவிட்டது என்ற எச்சரிக்கை. அழுத்தம் ஏறியதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு வெளியே போகாததுதான். சீகாக், ஸ்ட்ரெய்னர், காற்றுப் பூட்டு, வாளி அளவு என்று மேலே சொன்ன வரிசையில் பாருங்கள். வெளியே நன்றாகத் தண்ணீர் விழுந்தும் எச்.பி.எஃப் வந்தால் கண்டென்சர் குழாயின் உள்சுவரில் உப்புக்கறையும் சிப்பியும் படிந்திருக்கும். தண்ணீர் ஓடும், சூடு மட்டும் கடந்து வராது.

வேறு கடல்களில் நன்றாக ஓடிய படகு இங்கே வந்ததும் ட்ரிப் ஆவதற்கும் இதே காரணம். ஆகஸ்டில் வளைகுடாத் தண்ணீர் 33, 34 டிகிரி, சில நாள் 35. குளிர்ந்த கடலில் கொஞ்சம் கறை இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும், இங்கே அந்த இடைவெளி கிடையாது. மே மாதமே கண்டென்சரைச் சுத்தம் செய்துவிட்டால் கோடையில் பாதித் தொல்லை குறையும். ட்ரிப் ஆனதும் மறுபடி மறுபடி ஆன் பண்ணாதீர்கள். ஐந்து நிமிடமாவது விட்டு, அழுத்தம் சமமான பிறகு ஒரே ஒரு தடவை முயன்று பாருங்கள். மீண்டும் வந்தால் காரணத்தைத் தேடுங்கள்.

கண்டென்சரை ஆசிட் விட்டுக் கழுவலாம்னு சொல்றாங்க. நாமே பண்ணலாமா?

பண்ணலாம், ஆனால் கடையில் வாங்கும் வீரியமான ஆசிட்டை எடுத்துவிடாதீர்கள். இந்தக் குழாய் தாமிரமும் நிக்கலும் கலந்த உலோகம், அது அரித்துவிட்டால் கடல் தண்ணீர் கேஸ் பக்கம் புகுந்து முழு இயந்திரமும் போகும். படகுக்கென்றே விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல்கள் இருக்கின்றன. சீகாக்கை மூடி, ஏசியின் தண்ணீர்க் குழாய்கள் இரண்டையும் கழற்றி, ஒரு வாளியும் சின்ன பம்பும் வைத்து, கரைசல் சுற்றிச் சுற்றி வரும்படி விடுங்கள். குமிழ் வருவது கறை கரைகிறது என்பதற்கு அடையாளம். பாட்டிலில் எழுதியிருக்கும் நேரத்துக்கு மேல் விடவேண்டாம். அப்புறம் நல்ல தண்ணீரால் நன்றாக அலசுங்கள்.

கையுறை, கண்ணாடி கட்டாயம். அருகில் பிளீச்சிங் திரவம் இருக்கவே கூடாது, ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய கேபினில் அது உயிருக்கே ஆபத்து. கழுவிய கரைசலைத் துறையில் கொட்டாதீர்கள், துறை அலுவலகத்தில் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள்.

கொஞ்சம் கேஸ் அடிச்சா சரியாகாதாண்ணே?

தண்ணீர் ஓட்டத்தைச் சரிபார்த்து, ஃபில்டரைக் கழுவி, அப்புறமும் கூலிங் இல்லை என்றால் மட்டும் கேஸைப் பற்றி யோசிக்கலாம். பெட்டிக்குள் போகும் காற்றுக்கும் கிரில்லில் வரும் காற்றுக்கும் 8 முதல் 11 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் கேஸ் சரியாகத்தான் இருக்கிறது. அதை அளக்கச் சமையலறைத் தெர்மாமீட்டர் போதும்.

கேஸ் தேய்ந்து தீரும் பொருள் கிடையாது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் அடிக்கும் கேஸ் சில வாரத்தில் போய்விடும், ஓனரின் பணமும் போகும். இந்தச் சின்னப் பெட்டிகளில் கேஸின் அளவு கிராம் கணக்கில் எடை போட்டு ஏற்றப்பட்டது. வரும் ஆளெல்லாம் அழுத்தம் பார்க்க மீட்டர் மாட்டிக் கழற்றினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கேஸ் வெளியேறும். பழைய படகில் ஆர்-22, புதியதில் ஆர்-410ஏ என்று கேஸ் வகையும் மாறும். ஒன்றில் மற்றதை ஏற்றக் கூடாது, அழுத்தமே வேறு. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் சிலிண்டரைத் திறக்கிற ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள்.

காயில்ல ஐஸ் கட்டிடுச்சு. கத்தியால சுரண்டலாமா?

கூடவே கூடாது. காயில் குழாயில் கீறல் விழுந்தால் கேஸ் போய்விடும். கூலிங்கை நிறுத்திவிட்டு ப்ளோயரை மட்டும் ஹையில் ஓடவிடுங்கள், ஹீட் மோடு இருந்தால் கொஞ்ச நேரம் அதில் போடுங்கள், தானாக உருகும்.

காயில் வழியாகப் போதுமான காற்று போகவில்லை என்பதால்தான் ஐஸ் கட்டுகிறது. ஃபில்டர் அழுக்கு, ப்ளோயர் லோவில் இருப்பது, உள்ளே காற்று இழுக்கும் கிரில்லுக்கு முன்னால் பையும் லைஃப் ஜாக்கெட்டும் அடுக்கியிருப்பது, டக்ட் குழாய் மடங்கி நசுங்கியிருப்பது, இவற்றில் ஒன்று இருக்கும். ராத்திரி 16-ல் வைத்து ப்ளோயரை லோவில் போட்டுத் தூங்கினால் விடிகாலையில் ஐஸ்தான். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஐஸ் கட்டினால் அப்போது கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம்.

ரெண்டு நிமிஷம் ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது. கேபின் மட்டும் குளிரவே இல்லை.

குளிர்ந்த காற்று அறைக்குள் போகாமல் நேராகத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே போகிறது. வெளிவிடும் கிரில்லும் உள்ளிழுக்கும் கிரில்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இப்படி ஆகும். கிரில்லின் இதழ்களை மேலே, எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். படகு ஏசியை அட்ஜஸ்ட் செய்வதில் இதழ்களைத் திருப்புவதுதான் செலவே இல்லாத வேலை, யாரும் அதைத் தொடுவதில்லை. குளிர்ந்த காற்று மேலே போய்க் கீழே இறங்க வேண்டும், உள்ளிழுக்கும் கிரில் தாழ்வாக இருக்க வேண்டும்.

அடுத்ததாக சென்சாரைப் பாருங்கள். சில மாடல்களில் அது சுவரிலிருக்கும் டிஸ்ப்ளேயில் இருக்கும், சிலவற்றில் உள்ளிழுக்கும் காற்றுப் பாதையில் இருக்கும். டிஸ்ப்ளேயில் கிரில் காற்று நேராக அடித்தால் அறை குளிர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். மதிய வெயில் அதன்மேல் விழுந்தால் நிற்காமல் ஓடும். சென்சாரை இடம் மாற்றுவது அரை நாள் வேலைகூட இல்லை.

ஏசி போட்டா சாக்கடை நாத்தம் வருது.

உள்ளிழுக்கும் காற்று பில்ஜிலிருந்து (படகின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளம்) வருகிறதா என்று பாருங்கள், பெட்டி இருக்கும் இடத்தின் தரையில் இடுக்கு இருந்தால் அடைக்க வேண்டும். காயிலிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் கண்டென்சேட் தட்டில் தண்ணீர் தேங்கி வழுக்கியிருந்தால் கழுவி, வடிகுழாயை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். வாசனைத் திரவம் தெளிப்பதால் பயனில்லை.

துறையில் ஷோர் பவர்ல மத்தியானம் மட்டும் ட்ரிப் ஆகுது. காலையில் நல்லாத்தான் ஓடுது.

கரையிலிருந்து கேபிளில் வரும் மின்சாரம்தான் ஷோர் பவர். மத்தியானம் எல்லாப் படகும் ஏசி ஓட்டுகின்றன, வோல்ட்டேஜ் இறங்குகிறது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 207-க்குக் கீழே போனால் ஓட்டாதீர்கள். வோல்ட்டேஜ் குறையக் குறையக் கம்ப்ரசர் அதிக ஆம்பியர் இழுக்கும், வயரிங் சூடாகும். நீளமான, மெல்லிய நீட்டிப்புக் கேபிளும் இதைத்தான் செய்யும். ப்ளக் முனையில் கருகிய நிறம் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், படகுகளில் தீப்பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. கணக்குக்கு, 16,000 ஏசி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 6, 7 ஆம்பியர் எடுக்கும். 16 ஆம்பியர் இணைப்பில் இரண்டு ஏசியும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்து ஓடாது.

அமெரிக்காவிலிருந்து வந்த படகென்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. தகட்டில் 50/60 என்று போட்டிருந்தால் பிரச்சினையில்லை, கூலிங் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 60 மட்டும் போட்டிருந்தால் அதை இங்கே நேரடியாக ஓட்டினால் மோட்டார் சூடாகிக் கருகும். படகின் ஜெனரேட்டரில் ஓட்டுங்கள், அல்லது அதிர்வெண் மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர்ல ஒரு ஏசி ஓடுது. ரெண்டாவதைப் போட்டா எல்லாமே அணைஞ்சுடுது.

ஓடும்போது எடுக்கும் ஆம்பியரைப்போல பல மடங்கைக் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இழுக்கும். ஒன்றைப் போட்டு அது நிலைக்கு வந்த பிறகு அடுத்ததைப் போடுங்கள். தானாக நின்று தானாகக் கிளம்பும்போது இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்ப வாய்ப்பிருக்கிறது, அதற்கு, கிளம்பும்போது இழுப்பதைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சின்னப் பெட்டியை ஒவ்வொரு கம்ப்ரசருக்கும் வைக்கலாம். என் அபிப்பிராயத்தில் பெரிய ஜெனரேட்டர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு அது. பெரிய டீசல் ஜெனரேட்டரைக் குறைந்த சுமையில் நாள்கணக்காக ஓட்டுவதும் நல்லதில்லை, கரி படியும்.

ராத்திரி நங்கூரம் போட்டுட்டு, ஜெனரேட்டரை ஓடவிட்டு ஏசியில் தூங்கலாமா?

இந்தக் கேள்விக்கான பதிலைத் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம். படகில் இருப்பதால் எல்லாரும் கடல் ஒவ்வாமை என்று நினைத்துக் கீழே போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போகலாம். பெட்ரோல் ஜெனரேட்டர் இதை மிக அதிகமாக வெளியிடும். டீசல் குறைவாக வெளியிடும், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடும்போது யாரும் உள்ளே தூங்கக் கூடாது, டெக்கில் கொண்டுவந்து வைக்கும் கையடக்க ஜெனரேட்டரும் இதில் சேர்த்தி. டீசல் என்றால், ஒவ்வொரு தூங்கும் கேபினிலும் வேலை செய்யும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். பட்டனை அழுத்திப் பாருங்கள், காலாவதி வருடம் பாருங்கள். காற்று அடங்கிய இரவில் பக்கத்தில் நிற்கும் படகின் புகை உங்கள் படகுக்குள் வரும், நெருங்கிக் கட்டாதீர்கள்.

ஏசி ஆட்களே கவனிக்காத ஒரு வழியும் இருக்கிறது. கண்டென்சேட் வடிகுழாய் என்ஜின் அறையில் முடிந்தால், ஏசி அதன் வழியாகப் புகையை உறிஞ்சிக் கேபினுக்குள் ஊதும். அந்தக் குழாய் என்ஜின் அறையில் முடியவே கூடாது. வெளியே முடிந்தால் புகைபோக்கி வாயிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இதை நாளைக்கே குனிந்து பாருங்கள். அலாரம் அடித்தால் அணைக்காதீர்கள், எல்லாரையும் எழுப்பித் திறந்த டெக்குக்கு ஏற்றிவிட்டு அப்புறம் காரணம் தேடுங்கள்.

அப்போ பேட்டரியில் ஓட்டினா என்ன?

நல்ல யோசனை, கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். 12,000 ஏசி ஓடும்போது சுமார் 1.2 கிலோவாட். இரவு 8 மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலும் கிட்டத்தட்ட 5 யூனிட். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பத்திரமாக எடுக்கக்கூடியது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அதாவது எட்டுப் பேட்டரி, சுமார் கால் டன் எடை. லித்தியம் என்றால் பாதிக்கும் குறைவான எடையில் முடியும், விலை அதிகம். ஒரே ஒரு தூங்கும் கேபினுக்கு மட்டும் சின்ன ஏசி என்றால் இன்றைக்கு இது நடைமுறைக்கு ஒத்துவரும். மேலே சொன்ன புகை ஆபத்தும் இல்லை, அதனால் வசதியிருக்கிற ஓனர்களிடம் இதைத் தயங்காமல் சொல்வேன்.

படகைக் கரையில் ஏத்தி வச்சிருக்கோம். உள்ளே வேலை பார்க்க ஏசி வேணும்.

தண்ணீர் இல்லாமல் ஓட்ட முடியாது. 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் வைத்துச் சுற்றிவிடலாம் என்பார்கள். 12,000 ஏசி கொட்டும் சூட்டுக்கு அந்த டிரம் அரை மணியில் 10 டிகிரி ஏறிவிடும், அப்புறம் எச்.பி.எஃப் வரும். பெரிய தொட்டி இருந்தால் கொஞ்ச நேரம் சமாளிக்கலாம். நாள் முழுக்க வேலை என்றால் ஹேட்ச் வாயில் ஒரு ஜன்னல் ஏசியையோ ஸ்பாட் கூலரையோ வாடகைக்கு வைப்பதுதான் சரி.

ஆலப்புழை படகு வீட்டில் சாதா ஸ்ப்ளிட் ஏசிதானே மாட்டியிருக்காங்க? நம்ம படகிலும் மாட்டக் கூடாதா?

வேம்பநாட்டுக் காயல் அலையில்லாத இடம், கெட்டுவள்ளம் மெதுவாகப் போகிறது, வெளிக்காற்றும் இங்கே மாதிரி 45 டிகிரிக்குப் போவதில்லை. அங்கே இரவில் மட்டும் ஏசி தரும் படகுகள் நிறைய. அந்த இடத்துக்கு அது பொருந்துகிறது. இங்கே உப்புக் காற்றில் அவுட்டோர் யூனிட்டின் அலுமினிய இதழ்கள் சீக்கிரமே பொடிப்பொடியாக உதிரும், அலையில் குலுங்கிக் கேஸ் குழாய் விரியும், மேலே ஏற்றிய எடை படகை ஆட்டும். வேண்டாம்.

பெரிய படகுல சில்லர்னு சொல்றாங்களே, அது என்ன?

என்ஜின் அறையில் ஒரே இடத்தில் நல்ல தண்ணீரைச் சுமார் 7 டிகிரிக்குக் குளிர்வித்து, குழாய் வழியாக ஒவ்வொரு கேபினுக்கும் அனுப்புவது. கேபினில் காயிலும் ஃபேனும் மட்டும் இருக்கும், கேஸ் இருக்காது. கடல் தண்ணீர் பக்கத்துக்கு மேலே சொன்ன எல்லாமே பொருந்தும். கூடுதலாக, சுற்றும் நல்ல தண்ணீரில் காற்று சேராமல் அழுத்தமானியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓனர் ரெண்டு மாசம் ஊருக்குப் போறார். ஏசியை ஓடவிட்டுப் போகலாமா, அணைச்சுட்டுப் போகலாமா?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கோடையில் அணைத்துவிட்டுப் போனால் உள்ளே ஒட்டிய பசை விட்டுப்போகும், இருக்கைத் தோல் வெடிக்கும், பூஞ்சை பிடிக்கும். ஓடவிட்டுப் போனால் சீகாக் திறந்தே இருக்கும். ஒரு குழாய்க் கிளிப் துருப்பிடித்து விட்டுப்போனால் படகுக்குள் தண்ணீர் ஏறும், பார்க்க ஆள் இருக்காது.

தினமும் ஆள் வந்து பார்ப்பார் என்றால் ஓடவிடலாம்: ஒரே ஒரு ஏசி, 27 அல்லது 28-ல், இல்லையென்றால் சில மணிக்கு ஒருமுறை மட்டும் ஓடும் ஈரம் நீக்கும் மோடில். கிளம்புவதற்கு முன் கடல் தண்ணீர்க் குழாய்களில் ஒவ்வொரு முனையிலும் இரண்டு துருப்பிடிக்காத கிளிப் இருக்கிறதா, பில்ஜ் பம்பின் மிதவையைக் கையால் தூக்கினால் பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். தினமும் வர ஆளில்லை என்றால் சீகாக்கை மூடி, ஏசியின் பிரேக்கரையும் அணைத்து, கடல் தண்ணீர் தேவைப்படாத ஒரு மின்சார ஈரநீக்கியை வைத்து, அதன் வடிகுழாயைச் சமையல் தொட்டிக்குள் விட்டுவிடுங்கள். திரும்பி வரும் ஆள் மறக்காமலிருக்க, சீகாக் மூடியிருக்கிறது என்று எழுதிய அட்டையை ஏசி பிரேக்கரிலேயே கட்டுங்கள்.